மீள எழுதலும் உடைமையும்: நிறுத்தப்பட்ட ஒரு வீர ஆட்டமும் ஊவாத் தோட்டங்களின் காமன் கூத்தும்

கலைப்படைப்பு ஒன்று முடிந்துபோன பின்னரும் அது தொடரவேண்டுமென அதன் சுவைஞர் கோருவது இலக்கிய வரலாற்றிலே புதிய செய்தியன்று. ஆதர் கொனன் டொயில் 1893இல் தமது துப்பறிவாளன் ஷெர்லொக் ஹோம்ஸைக் கொன்றார்; வாசகரும் பதிப்பாளரும் விடாது நெருக்கவே 1903இல் அவனை உயிர்ப்பித்தார். அங்கு வாசகர் வேண்டியது ஆசிரியர் படைத்த ஒன்றினை. படைத்தவர் யார், கேட்பவர் யார் என்பதில் எவர்க்கும் ஐயம் இருக்கவில்லை. 2012ஆம் ஆண்டிலே நிறுத்தப்பட்ட 'சிட்டி ஒஃப் ஹீரோஸ்' என்னும் இணையவழி ஆட்டத்தின் இரசிகர்கள் அதன் பின்னர் எழுப்பிய கோரிக்கை இதனின்றும் அடிப்படையிலேயே வேறுபட்டது. 'இரண்டாம் பாகம் தருக' என்று அவர்கள் ஒரு கொம்பனியைக் கேட்டனர். ஆயின் அவர்கள் இழந்தவற்றுட் பெரும்பகுதி அவர்களே ஆக்கியது. தம் ஆக்கத்தையே பிறரிடம் இரந்து பெறவேண்டிய இந்நிலை எவ்வாறு தோன்றுகின்றது என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் வினா.

இவ்வினாவைப் பதுளையிலிருந்து எழுப்புவதற்கு நியாயம் உண்டு. பசறை, ஹாலிஎல, தெமோதர, மடுல்சீமை எனப் பரந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களிலே, எரிக்கப்பட்ட வீரன் ஒருவன் மாசி மாதத்தில் மீண்டும் எழுகின்றான். அவனை எழுப்புமாறு எந்தக் கொம்பனிக்கும் எவரும் விண்ணப்பம் எழுதுவதில்லை. காமன் கூத்தையும் கணினி ஆட்டத்தையும் அருகருகே வைத்து நோக்கும்போது, இரண்டும் அதிமானிட வேடம் புனையும் கலைகள் என்பதும், இரண்டிலும் ஆடுவோரும் காண்போரும் முற்றாகப் பிரிந்தவரல்லர் என்பதும் புலனாகும். வேறுபடுவது உடைமை உறவு. கணினி ஆட்டம் ஆய்வுக்குரிய பொருளோ எனப் புருவம் நெரிப்போர்க்கு ஒன்று கூறலாம். நாட்டுக்கூத்தும் ஒரு காலத்திற் படித்தவர் நாடாத பொருளாகவே இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனை மேடையில் அதனை ஏற்றிய பின்னரே நம்மவர் பலர் அதனைக் கலையென ஒப்பினர். மலையகக் கூத்துக்கு அந்த ஒப்புதலும் மேலும் தாமதித்தே கிட்டியது.

முதலிற் கணினி ஆட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். கிரிப்டிக் ஸ்ரூடியோஸ் உருவாக்க, என்சிசொஃப்ட் என்னும் தென்கொரியக் கொம்பனி வெளியிட, 2004 ஏப்ரலில் இவ்வாட்டம் ஐக்கிய அமெரிக்காவிலே தொடங்கியது. பரகன் சிட்டி என்னும் கற்பனை நகரிலே ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையிற் கூடி, தத்தம் வீரனை இயக்கி, குழுவாகச் சேர்ந்து பகைவரை எதிர்ப்பர். தொடக்கத்தில் இதற்கு மாதந்தோறும் ஏறத்தாழ 15 டொலர் சந்தா இருந்தது. ஆட்டக்காரன் ஆயத்த வீரன் ஒருவனைப் பெறுவதில்லை என்பதே இதன் சிறப்பு. முகம், உடை, வண்ணம், ஆற்றல், பெயர் யாவற்றையும் தானே தெரிந்து கோத்து, அவ்வீரனின் பிறப்பு வரலாற்றையும் தானே எழுதவேண்டும். 2009இலே ஆட்டக்காரர் தாமே கதைகளையும் களங்களையும் ஆக்கிப் பிறர் ஆடுவதற்கு வைக்கும் வசதியும் சேர்ந்தது.

இந்த ஆக்கமுறை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பேராசிரியர் க. கைலாசபதி பர்மிங்ஹாமிலே ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையிற் செய்து 1968இல் நூலாக வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆய்வு, பாணர் மரபின் வாய்மொழி ஆக்கத்தை விளக்குகின்றது. வழிவழி வந்த வாய்பாடுகளையும் அடைமொழிகளையும் பொருட்கூறுகளையும் கோத்தே பாடுவோன் ஒவ்வொரு வீரனையும் புதிதாக நிறுத்துகின்றான். ஆட்டக்காரனும் கொடுக்கப்பட்ட கூறுகளைக் கோத்தே தன் வீரனை நிறுத்துகின்றான். ஆயின் பாணனின் வாய்பாடுகள் மரபின் பொதுச் சொத்து. புரவலன் பரிசிலை மறுக்கலாம். வாய்பாட்டைப் பிடுங்கிக்கொள்ள முடியாது. ஆட்டக்காரனின் கூறுகளோ கொம்பனியின் தனிச்சொத்து. அவை கொம்பனியின் கணினிகளுக்கு வெளியே வாழமாட்டா.

இச்சொத்துறவின் இயல்பை ஆட்டம் தொடங்கிய ஆண்டிலேயே ஒரு வழக்கு வெளிப்படுத்தியது. தமது வீரர்களாகிய ஹல்க், வுல்வரின் முதலியோரைப் போன்ற உருவங்களை ஆட்டக்காரர் ஆக்குவதற்கு இக்கருவி இடந்தருகின்றதெனக் கூறி, மார்வெல் கொம்பனி 2004 நவெம்பரில் வழக்குத் தொடுத்தது. சான்றாகக் காட்டப்பட்ட உருவங்களுட் சில மார்வெல் தரப்பினரே ஆக்கியவை எனக் கண்டு நீதிமன்றம் அவற்றை நீக்கியதுமுண்டு! 2005 டிசெம்பரில் வழக்கு இணக்கமாக முடிந்தது. கொம்பனிகள் ஆட்டக்காரரின் கற்பனையை நடுவே வைத்து எல்லைத் தகராறு நடத்தின. கற்பனை செய்தவர்கள் அவ்வழக்கில் ஒரு தரப்பினர்கூட அல்லர்.

2012 ஓகஸ்ட் 31இலே என்சிசொஃப்ட் ஆட்டத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதனை அப்போது நடத்திவந்த பரகன் ஸ்ரூடியோஸும் மூடப்பட்டது. கொம்பனியின் நோக்கினை மறுசீரமைப்பதாகக் காரணம் சொல்லப்பட்டது. மறுசீரமைப்பு என்ற சொல்லின் பொருளைத் தோட்டத் தொழிலாளர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை. முதலில் வேலையிழந்தோர் அந்நிறுவனத்தின் ஊழியரே என்பதை இரசிகர் பற்றிய எழுத்துகள் பல விரைந்து கடந்துவிடுகின்றன. நாம் அதனைக் கடந்துவிடலாகாது. ஊழியரின் கூலியுழைப்பும் ஆட்டக்காரரின் கூலியில்லா உழைப்பும் ஒரே முடிவினால் ஒரே நாளிற் பயனற்றவையாக்கப்பட்டன.

ஆட்டக்காரர் வாளாவிருக்கவில்லை. மனுக்களில் ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். செப்டெம்பரிலே கற்பனை நகரின் அட்லஸ் சிலையடியில் தம் வீரர்களைத் தீப்பந்தங்களோடு அணிவகுத்து நிறுத்தினர். கலைக்குள்ளேயே, அக்கலையின் வேடத்தோடு நடத்தப்பட்ட ஆர்ப்பாட்டம் என்ற வகையில் இது தனித்து ஆராயத்தக்கது. ஆயினும் 2012 நவெம்பர் 30இலே கணினிகள் நிறுத்தப்பட்டன. நூல் அச்சிடுவது நின்றால் பழைய பிரதியாவது எஞ்சும். இங்கு எதுவும் எஞ்சவில்லை. எட்டரை ஆண்டுகள் ஒருவன் செப்பனிட்ட வீரன் ஒரே நாளில் இல்லாமற்போனான்.

'இரண்டாம் பாகம்' என்ற கோரிக்கை இச்சூழலிலேயே வலுப்பெற்றது. இதனை வெறும் பழமையேக்கம் எனத் தள்ளுவது எளிது, பிழையும் ஆகும். கோரிக்கையின் உள்ளடக்கம் 'நாம் ஆக்கியதைத் தொடர இடம் வேண்டும்' என்பது. அதன் வடிவமோ 'புதிய பண்டமொன்றை எமக்கு விற்பாயாக' என்பது. பண்டச் சமுதாயம் தன் மாந்தர்க்கு விட்டுவைத்துள்ள மொழி அது ஒன்றே. உரிமையைக் கோரவேண்டியவன் வாடிக்கையாளனாக நின்று பேசுகின்றான். 2013இலே சிட்டி ஒஃப் டைட்டன்ஸ் என்னும் வாரிசு ஆட்டத்தை உருவாக்குவதற்கு இரசிகர்கள் 6 இலட்சத்து 78 ஆயிரம் டொலர் அளவிற் பணம் திரட்டியளித்தனர். பத்தாண்டு கழிந்து 2023 நிறைவுற்ற போதும் அது முழுமையான ஆட்டமாக வெளிவரவில்லை. பணத்தைத் திரட்டலாம்; ஒரு கூட்டத்தின் ஆக்கப் பழக்கத்தை அவ்வாறு பெயர்த்து நடுவது எளிதன்று.

வேறொரு வழியும் நேர்ந்தது. பழைய ஆட்டத்தின் நிரல் எவ்வாறோ சில இரசிகர் கைக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் ஒரு சிறு குழுவினர் மட்டும் மறைவாக ஆடிவந்தமை 2019 ஏப்ரலிலே வெளிப்பட்டது. தம்முள் ஒரு சிலரே பொதுச் சொத்தைப் பூட்டிவைத்தனரென ஏனையோர் சினந்தனர். எரிந்த மன்மதன் இரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் அநங்கனாக எழுந்தான் என்னும் கதை இங்கு நினைவுக்கு வருகின்றது. நிரல் பகிரங்கமாயிற்று. ஹோம்கமிங் என்ற பெயரிலே தொண்டர்கள் நன்கொடை கொண்டு நடத்திய ஆட்டத்துக்கு 2024 ஜனவரியில் என்சிசொஃப்ட் உரிமம் வழங்கியது. இதனை வெற்றியெனக் கொண்டாடியோர் உளர். வெற்றிதான், ஆனால் உரிமம் என்பது உடைமையன்று.

இனிக் காமன் கூத்துக்கு வருவோம். மாசி அமாவாசை கழிந்து பிறை தோன்றும் நாட்களில் தோட்டத்து மைதானத்திலே கம்பம் ஊன்றப்படும். ஆமணக்கும் கரும்பும் வைக்கோற்பிரியும் சேர்த்துக் கட்டிய அக்கம்பமே காமன். காப்புக் கட்டியவர்கள் விரதம் காப்பர். இரவுதோறும் தப்பு ஒலிக்கும். இரதிக்கும் மன்மதனுக்கும் மணம் நிகழும், தூதன் வருவான், சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் கணவனை இரதி தடுத்து வாதிடுவாள். பௌர்ணமி இரவிலே காமன் எரிக்கப்பட, அவளது ஒப்பாரி லயங்களிலே கேட்கும். மூன்றாம் நாள் அவன் எழுப்பப்படுவான். செலவுக்கு வீட்டுக்கு வீடு வரி சேர்க்கப்படும். ஆடுவோர் பகலிலே மலையேறிக் கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் செல்பவர். பாடலும் அடவும் கூத்து மாஸ்டரின் நினைவிலும் அவர் கொப்பியிலும் உள்ளன. அருச்சுனன் தபசுக்கும் பொன்னர் சங்கருக்கும் இது பொருந்தும்.

அறுவடைக் கூத்தும் பாட்டும் கூட்டுழைப்புக்கு வேண்டிய உணர்ச்சியைத் திரட்டின என்று கிறிஸ்தோபர் கோட்வெல் 1937இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். தோட்டத்துக்கு இக்கருத்தை அப்படியே பொருத்த இயலாது. கோட்வெல் கருதியது தன் விளைச்சலைத் தானே துய்க்கும் குலக்குழு. இங்குள்ளது கொழுந்தின் மேல் எவ்வுரிமையுமற்ற கூலிப்பாட்டாளி. ஆகவே காமன் கூத்து உழைப்பை ஊக்குவிப்பதன்று. உழைப்பு பறித்துக்கொண்ட நாளின் எச்சத்தை, அதாவது இரவை, அம்மக்கள் தமதாக்கிக்கொள்ளும் செயல் எனக் கொள்வதே பொருத்தம். கூத்துக்கு இரண்டாம் பாகம் வேண்டுமென எவரும் கேளாமைக்குக் காரணமும் இதுவே. அதனை மீண்டும் ஆக்கும் ஆற்றல் கேட்பவரிடமே உள்ளது. ஒரு தோட்டத்திற் கூத்து நின்றுபோனால் அடுத்த தோட்டத்து மாஸ்டரை அழைக்கலாம்.

எனினும் இதனைப் பொற்காலமாகக் காட்டும் மனோரதியப் போக்கிலிருந்து நாம் விலகியே நிற்கவேண்டும். தப்படிப்போரைச் சாதியால் தாழ்த்தி நோக்கும் மனம் தோட்டத்தில் ஒழிந்துவிடவில்லை. இரதியின் துயரை ஆடவரே பெரும்பாலும் ஆடிவந்துள்ளனர். பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண் இரவிற் காண்போர் வரிசையிலேயே அமர்ந்தாள். ஓர் உடைமையாளனும் இல்லையென்பதால் எல்லாரும் சமமாக உடையவர் என்றாகிவிடாது.

அன்றியும், கலை மக்களுடையதாயினும் அது நடக்கும் தரை அவர்களுடையதன்று. 1970களிற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இலே அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கொம்பனிகளுக்குச் சென்றது. மைதானமும் லயமும் ஒவ்வொரு முறையும் ஆட்களோடு சேர்ந்தே கைமாறின. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காம்பராவுக்கு உறுதி இல்லாத குடும்பங்கள் இன்றும் பலவாக உள. 2014 ஒக்டோபர் 29இலே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, அந்த இடத்தின் மேல் அங்கு வாழ்ந்தோர்க்கு எவ்வுரிமை இருந்தது என்ற கேள்வி நாடறியத் தோன்றியது. ஓர் ஆட்ட வீரனின் மறைவை மனித உயிர்களின் இழப்போடு ஒப்பிடுவது பண்பற்ற செயல். நாம் அதனைச் செய்யவில்லை. பிறர் தரையிற் கட்டிய வாழ்வு பிறர் முடிவில் தங்கியிருக்கும் என்ற உறவுமுறையை மட்டுமே சுட்டுகின்றோம்.

இன்று பரகன் சிட்டியின் சிக்கல் ஊவாவுக்கே வந்து சேர்ந்துவிட்டது. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் இளைஞர் சென்றுவிட, கூத்துக்கு ஆள் சேர்ப்பது பல தோட்டங்களிற் கடினமாகியுள்ளது. ஊரிலிருப்போர் அதனைக் கைபேசியிற் படம்பிடித்துப் பிறநாட்டுக் கொம்பனிகளின் காணொளித் தளங்களிலே சேர்க்கின்றனர். வெளியிலிருப்போர் கண்டு மகிழ்கின்றனர். இதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயின் கொப்பியிலும் உடலிலும் இருந்த கூத்து, எப்போதும் மூடப்படக்கூடிய ஓர் அந்நியக் களஞ்சியத்திற்கு மட்டுமே உரியதாகிவிடுமாயின், நாளை பசறைத் தோட்டத்து இளைஞனும் தன் பாட்டனின் ஆட்டத்தை மீளத் தருமாறு ஒரு கொம்பனிக்கு மனு எழுதவேண்டியவனாவான். எனவே பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் கூத்துப் பாடல்களைப் பதிவுசெய்கையில் ஒரு பிரதியை அத்தோட்டத்திலேயே, கூத்து மாஸ்டரின் பொறுப்பில் விட்டுவரல் வேண்டும். ஆய்வாளர் பெயரில் நூலாகும்போது பாடியவர் பெயரும் உரிமையும் அதிற் பொறிக்கப்படல் வேண்டும். மாசி மாதத்திலே கூத்துக்கு நிற்போர்க்குப் பேர் போகாத விடுமுறையும், தோட்டக் குடியிருப்புகளுக்கு வழங்கப்படும் காணித் திட்டங்களிலே கூத்து மைதானத்துக்கெனப் பொதுவாக எழுதப்பட்ட ஒரு துண்டு நிலமும் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெறத்தக்கவை.