இடுகுறியும் காரணக்குறியும்: மொழிக் குறியீடுகளை முன்வைத்து ஒரு நோக்கு

பெயர்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் பகுத்துக் காட்டினர் தமிழ் இலக்கண நூலார். காரணம் கருதிய இடத்துக் காரணப் பெயராகவும், கருதாத இடத்து இடுகுறியாகவும் நிற்பனவற்றைக் காரண இடுகுறி என உரைகாரர் வேறு பிரித்தனர். நூலகப் பட்டியலிலும் கணினியிலும் உலக மொழிகளைச் சுட்ட இன்று வழங்கும் குறியீடுகளை ஆராய்வார்க்கு இப்பழைய பாகுபாடு பெருந்துணை செய்யும்.

பன்னாட்டுத் தரப்படுத்தல் நிறுவனம், 639 என்னும் எண்ணுடைய தன் தரநூலில் மொழிகளுக்கு உரோமன் எழுத்தாலான சுருக்கக் குறிகளை வகுத்துள்ளது. ஈரெழுத்துக் குறிகள் 1988இலும், மூவெழுத்துக் குறிகள் 1998இலும் வெளியாயின. 2007இல் வந்த பகுதி 7,000க்கும் மேற்பட்ட மொழிகளுக்குக் குறி வழங்கியது. 2023இல் பகுதிகள் யாவும் ஒரே நூலாக இணைக்கப்பட்டன. தமிழின் ஈரெழுத்துக் குறி டி-ஏ. மூவெழுத்துக் குறி டி-ஏ-எம். பட்டியலில் குறிக்கு எதிரே மொழியின் ஆங்கிலப் பெயர் நிற்கிறது. பெயரைப் பார்த்தே குறியை ஊகித்துவிடலாம் என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணமே பிழைக்கு வித்து.

மலாய் மொழியின் ஆங்கிலப் பெயர், மலையாளத்தின் ஆங்கிலப் பெயருக்குள் முழுமையாக அடங்கிக் கிடக்கிறது. எம்-ஏ-எல் என்னும் குறியைக் காண்பவர் அதனை மலாய் எனக் கருதுவது இயல்பு. அதுவோ மலையாளத்திற்கு உரியது. மலாய் மொழிக்கு எம்-எஸ் என்பதே குறி. எம்-ஒய் என்பது நாட்டுக் குறியாயின் மலேசியாவைச் சுட்டும். மொழிக் குறியாயின் பர்மிய மொழியைச் சுட்டும். எஸ்-ஜி என்பது நாடாயின் சிங்கப்பூர்; மொழியாயின் நடு ஆப்பிரிக்கக் குடியரசில் வழங்கும் சாங்கோ. மலேசியத் தமிழைக் குறிக்க டி-ஏ என்பதன் பின் எம்-ஒய் சேர்க்கப்படும். முன் நிற்பது மொழி, பின் நிற்பது நாடு என்னும் முறையறியாதவர், அங்கே தமிழும் பர்மியமும் இணைந்து நிற்பதாக மயங்குவர்.

இனி, யார் இட்ட பெயரைக் கொண்டு குறி அமைப்பது என்னும் வினா எழுகிறது. செருமானியத்திற்கு ஆங்கிலப் பெயரை ஒட்டிய ஜி-இ-ஆர் ஒரு குறி. அம்மக்கள் வழங்கும் டாய்ச் என்னும் பெயரை ஒட்டிய டி-இ-யு மற்றொரு குறி. இவ்வாறு இரண்டு மூவெழுத்துக் குறிகளைப் பெற்ற மொழிகள் 20. மலாயும் சீனமும் பர்மியமும் அவற்றுள் அடங்கும். நூலகங்களின் பழைய வழக்கைக் காத்தற்பொருட்டு ஒன்றையும், மொழியினரின் வழக்கை மதித்து மற்றொன்றையும் ஏற்றது தரநூல். இது சமரசமே ஒழியத் தீர்வன்று. ஒரு மொழிக்கு ஒரு குறி என்னும் அடிப்படையே இங்குத் தளர்கிறது.

எனினும், குறியின் சிறப்பு அதன் நிலைபேற்றில் உள்ளது. ஒரியா என்னும் பெயர் இந்திய அரசமைப்பில் 2011இல் ஒடியா எனத் திருத்தப்பட்டது. ஓ-ஆர் என்னும் குறியோ மாறவில்லை. காரணம் நீங்கியும் குறி நின்றது. காரண இடுகுறியின் இயல்பு இதுவே. இதற்கு மாறாக, இந்தோனேசிய மொழியின் குறி 1989இல் ஐ-என் என்பதிலிருந்து ஐ-டி ஆயிற்று. ஒரே மொழியின் ஏடுகள் இரு குறிகளில் சிதறிக் கிடக்க அம்மாற்றம் வழிவகுத்தது.

ஒரு பெயருக்குள் பல மொழிகள் அடங்குவதும் உண்டு. சீனம் என்னும் பொதுப் பெயரின்கீழ் மாண்டரினுக்கு சி-எம்-என், கண்டோனியத்திற்கு ஒய்-யு-இ, ஹக்காவுக்கு எச்-ஏ-கே எனத் தனிக் குறிகள் உள்ளன. சீனம் என்று மட்டும் எழுதப்பட்ட ஏட்டுக்கு எக்குறியை இடுவது என்பதைப் பெயர் சொல்லாது. ஏட்டைப் படித்தறிந்தவரே சொல்லவியலும்.

தமிழ்மொழி இவ்வகையில் ஒரு நற்பேறு பெற்றது. மொழியினர் இட்ட பெயரும் ஆங்கிலப் பெயரும் ஏறக்குறைய ஒன்றே. ஈற்று ழகரத்தை ஆங்கிலம் லகரமாக்கிற்று. மூவெழுத்துக் குறியோ மகர ஒலியோடு நின்றுவிடுவதால் அவ்வேறுபாடு குறியைத் தீண்டவில்லை. ஆயினும் கவலைக்குரிய இடம் ஒன்றுண்டு. பழந்தமிழுக்கு ஓ-டி-ஒய் என்னும் வேறு குறி வகுக்கப்பட்டுள்ளது. சங்க நூற்பதிப்பு ஒன்றை ஒருவர் தமிழின் குறியிலும், மற்றொருவர் பழந்தமிழின் குறியிலும் பதிவாராயின், ஒரு குறியை மட்டும் கொண்டு தேடும் மாணவனுக்கு மற்றது கிட்டாது. நூல் அழியவில்லை; ஆயினும் அவனளவில் அது இல்லாததே ஆகும். பழந்தமிழ் எங்கு முடிகிறது, பின்னைத் தமிழ் எங்குத் தொடங்குகிறது என்னும் வரையறையை மூன்று உரோமன் எழுத்துகள் தர மாட்டா. அதனைத் தரவேண்டியவர் தமிழ் கற்றோர்.

ஆகவே, பெயரையும் குறியையும் பொருத்துவது எழுத்தர் பணி எனத் தமிழாசிரியர் ஒதுக்கிவிடுதல் தகாது. குறியை ஊகித்தறியாது பட்டியலில் பார்த்தறிதல், மொழிக் குறியையும் நாட்டுக் குறியையும் பிரித்துணர்தல், குறியோடு மொழியின் பெயரையும் உடன் எழுதிவைத்தல் ஆகிய மூன்றும் மாணவர்க்குப் பழக்கப்பட வேண்டும். இடுகுறி இது, காரணம் இது எனப் பகுத்தறியக் கற்பித்த இலக்கணத்தை உடையோர்க்கு இது புதிய பாடமன்று. பழைய பாடத்தைப் புதிய இடத்தில் பயன்கொள்வதே ஆகும்.