அவசரப்படாத மெய்ஜின்: ஓயாமா யாசுஹாரு

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் ஆட்டக்காரர்களை இரண்டு கட்சியாகப் பிரிப்பது வழக்கம். பறக்கும் தேர் என்ற காயை அது நிற்கும் வலப்புறத்திலேயே வைத்துத் தாக்குவோர் ‘இபிஷா’க்காரர்கள். அதை நடுவுக்கோ இடப்புறத்துக்கோ கொண்டுபோய் ஆடுவோர் ‘ஃபுரிபிஷா’க்காரர்கள். எனக்கு இந்தப் பிரிவு போதவில்லை. முந்தியடிப்பவர், எதிராளி தவறட்டும் என்று காத்திருப்பவர் என்று பிரித்தால்தான் ஓயாமா யாசுஹாரு (1923–1992) நமக்குப் பிடிபடுவார். அவர் முதலில் இபிஷா ஆடினார், பிறகு ஃபுரிபிஷாவுக்கு மாறினார். காத்திருப்பது மட்டும் மாறவில்லை.

ஷோகியில் காத்திருப்பது லேசான காரியமல்ல. வெட்டிய காயை வெட்டியவரே தன் படையாகப் பலகையில் இறக்கலாம். அதனால் 40 காய்களும் கடைசிவரை ஆட்டத்தில் இருக்கும். தாக்குபவருக்கு ஆள்பலம் தீராது. தற்காப்பில் நிற்பவர் ஒரு நகர்த்தல் பிசகினாலும் கதை முடிந்தது. ஓயாமாவோ ராஜாவை ஒட்டித் தங்கத் தளபதிகளை நிறுத்தி, வரும் அடியையெல்லாம் வாங்கிக்கொண்டு, எதிராளி களைத்த பிறகே கை நீட்டுவார்.

குராஷிகியில் பிறந்தவர், 12 வயதில் ஒசாகாவில் கிமி கின்ஜிரோவிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கே மூத்தவர் மசுதா கோசோ. ஒரே குருகுலம், ஆட்டம் நேரெதிர். மசுதா புதுப் புதுத் தொடக்கங்களாக உருவாக்கித் தள்ளியவர். 1948இல் ‘மெய்ஜின்’ பட்டத்தை வைத்திருந்தவரோடு மோதும் உரிமைக்காக இருவரும் கோயா மலையில் ஆடினார்கள். கடைசி ஆட்டத்தில் வெற்றி மசுதாவின் கைக்கே வந்துவிட்டது. ஓயாமா செக் வைத்தார். இடையில் ஒரு காயை இறக்கி மறித்திருந்தால் போதும். மசுதா ராஜாவை நகர்த்தித் தோற்றார். 1956இல் அதே மசுதா, மெய்ஜினாக இருந்த ஓயாமாவுக்கே ஒரு காயை விட்டுக்கொடுத்து ஆடி ஜெயித்துக் கணக்குத் தீர்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரசிகர்களின் மனம் இன்றும் மசுதா பக்கம் சாய்வதில் வியப்பில்லை. பட்டங்கள் ஓயாமாவிடம் சேர்ந்தன: மொத்தம் 80, அதில் மெய்ஜின் மட்டும் 18 முறை. 1952இல் கிமுரா யோஷியோவை வென்று முதல் முறை மெய்ஜின் ஆனார். 1959 முதல் 13 ஆண்டுகள் விடாமல் வைத்திருந்த பட்டத்தை 1972இல் நகாஹரா மகோத்தோ பறித்தார்.

ஆனால் பட்டங்களை மட்டும் வைத்து அவரை அளந்துவிட முடியாது. ஷோகியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதற்கே ‘ஷோரெய்காய்’ பயிற்சி அமைப்பில் பொதுவாக 26 வயதுக்குள் நான்காம் ‘தான்’ என்ற தரத்தை எட்ட வேண்டும். அதற்கு மேலே ஐந்து வகுப்புகள். உச்சியில் இருக்கும் ஏ வகுப்பில் இடம் பத்துப் பேருக்குத்தான். ஆண்டுதோறும் கடைசியில் வருபவர்கள் கீழே இறக்கப்படுவார்கள். ஒருவரை அளக்க இதைவிடக் கண்டிப்பான கோல் ஷோகியில் இல்லை.

பட்டங்களின் எண்ணிக்கையில், பின்னாளில் வந்த ஹாபு யோஷிஹாரு 99 வென்று ஓயாமாவைத் தாண்டிவிட்டார். ஆனால் ஹாபுவும் 2022இல் ஏ வகுப்பிலிருந்து இறங்க நேர்ந்தது. ஓயாமா 63 வயதில் மெய்ஜின் பட்டத்துக்கு மறுபடி சவால்விட்டார். 1992 மார்ச்சில், புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, அப்போது நான்கு பட்டங்கள் வைத்திருந்த தனிகாவா கோஜியை ஏ வகுப்பின் கடைசிச் சுற்றில் வீழ்த்தினார். அந்த ஜூலை 26இல் 69ஆம் வயதில் காலமானபோதும் அவர் ஏ வகுப்பு ஆட்டக்காரர்தான்.