மார்க்கஸின் ஆசிரியர்

உரோமைப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தமக்கென்றே கிரேக்கத்தில் எழுதி வைத்த 'தியானங்கள்' 12 பகுதிகள் கொண்டது. அதில் பாவனை இல்லை. நாள்தோறும் ஆன்ம சோதனை செய்யப் பழகிய நமக்கு அக்குரல் அந்நியமாய்த் தோன்றுவதில்லை.

முதற்பகுதி முழுவதும் நன்றியறிதல். தம் குணம் திருந்தவேண்டும் என உணர்த்தியவர், எபிக்டெட்டஸின் உரைகளைத் தம் சொந்தப் பிரதியிலிருந்தே தந்தவர் என்று ஆசிரியர் ரூஸ்டிக்கஸை அவர் நினைவுகூரும் வரிகள் நூலிலேயே இனிமையானவை. ஆனால் கி.பி. 165-ஐ ஒட்டி உரோமை நகர ஆளுநராய் அமர்ந்து, புனித ஜஸ்டினுக்கும் தோழர் அறுவருக்கும் மரண தண்டனை விதித்தவரும் இதே ரூஸ்டிக்கஸ்தான்! ஜஸ்டினும் மெய்யியல் அறிஞரே. கிறிஸ்தவரான பின்னும் மெய்யியலாரின் மேலாடையைக் களையாதவர்.

மாந்தர் யாவரும் உறவினர் என்று ஓயாமல் கூறும் இந்நூல் கிறிஸ்தவர்களை ஒரே இடத்தில் குறிப்பிடுகிறது. அவர்கள் சாகத் துணிவது வெறும் பிடிவாதமாம். (அது இடைச்செருகல் என்பாரும் உளர்.) தன் உள்ளத்தை இத்தனை கூர்மையாய் நோக்கிய கண், நீதிமன்றத்தில் நின்றவரைக் காணவில்லை. இதற்காக நூலை ஒதுக்கிவிட நாம் உடன்படோம். ஜஸ்டினின் விசாரணைக் குறிப்பையும் உடன்வைத்துப் படிக்கவேண்டும் என்போம். எக்கோட்பாட்டைப் பின்பற்றுகிறாய் என்று ஆளுநர் வினவுகிறார். எல்லாக் கோட்பாடுகளையும் கற்க முயன்று, கிறிஸ்தவப் போதனையில் உண்மையைக் கண்டதாக ஜஸ்டின் விடையளிக்கிறார். கற்றோர் இருவரின் உரையாடல் நெடுநேரம் வளரவில்லை. தேவர்களுக்குப் பலியிடு என்ற ஆணையில் முடிந்துபோயிற்று.