படிமம், உறுப்பினர், பவர்

ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரு தமிழ் வார்த்தை என்கிற கணக்கு நம் விமர்சனத்தில் எப்படியோ நிலைத்துவிட்டது. மொழிபெயர்ப்புக் கட்டுரைத் தொகுப்புகளின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்தியாக அச்சாகிற சொற்பட்டியலைப் புரட்டினால் போதும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. பற்றும் வரவும் சரி. பேரேட்டோடு ஜீவனம் நடத்துகிறவனுக்குக் கணக்கு நேராவதில் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் வார்த்தைகள் அப்படி நேராகிற ஜாதி இல்லை. 'இன்ட்ரஸ்ட்' என் மேஜையில் வட்டி, அடமானப் பத்திரத்தில் பாத்தியதை, பள்ளிக்கூடத்தில் ஆர்வம், அரசியல் பேசுகிறவனுக்கு நலன். விமர்சகனுக்கு வேண்டிய முதல் குணமாக மாத்யூ ஆர்னால்ட் 1864-ல் சொன்ன 'டிஸின்ட்ரஸ்டட்னெஸ்' இதில் நலனின் வாரிசு. கட்சி, ஆதாயம் இரண்டிலிருந்தும் விலகி நிற்பது. பட்டியலை நம்பி அதை 'ஆர்வமின்மை' என்று எழுதினால் ஆர்னால்ட் கேட்டதற்கு நேர் எதிரானது கிடைக்கும். (அந்த அர்த்தத்தில் நம்மிடம் விமர்சகர்களுக்குப் பஞ்சமில்லை.)

அகராதிக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் கொண்டுவந்த ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியத்தில், ஒரே சொல்லுக்குச் சட்டத்தில் ஒன்று, மருத்துவத்தில் ஒன்று, கட்டடக் கலையில் ஒன்று என்று துறைக் குறிப்போடு பொருள் பிரித்திருக்கிறது. துறை இல்லாமல் சொல்லை எடுப்பது இலக்கியக்காரர்களாகிய நம்முடைய பழக்கம்.

எங்கள் ஜில்லாவுக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. 1916-ல் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜியும், கல்லூரி ஆசிரியரான வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ரசாயனம், பௌதிகம், கணிதம் ஆகியவற்றுக்குச் சொல் தேடும் வேலை. சாஸ்திரச் சொல்லில் ஒரு சௌகரியம் உண்டு. ஆக்ஸிஜன் எங்கே போனாலும் ஆக்ஸிஜன். கஷ்டம் கொடுக்கிறவை சாதாரணச் சொற்கள். பாரதி மாட்டிக்கொண்டது அப்படி ஒன்றில்: 'மெம்பர்'. அவயவி, அங்கத்தான், சபிகன், உறுப்பாளி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒன்றும் பொருந்தாமல் கடைசியில் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டதாக அவரே சொல்கிறார்.

அவர் ஒதுக்கிய 'உறுப்பாளி'க்குப் பக்கத்து வீட்டுச் சொல்தான் இன்றைக்குச் சட்டசபையிலிருந்து கூட்டுறவுச் சங்கம் வரை ஓடுகிற 'உறுப்பினர்'. பாரதியின் காது தவறிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. சபையை ஓர் உடம்பாகவும், அதில் சேர்ந்தவர்களை அதன் கைகால்களாகவும் பார்க்கிற உருவகம் 'மெம்பரு'க்குள் இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் அதை விரித்தே சொல்கிறார். தமிழ் வேதாகமம் அங்கே அவயவம் என்கிறது. 'உறுப்பாளி' என்றதும் பாரதிக்குக் கையும் காலும் தெரிந்திருக்க வேண்டும். நமக்குத் தெரிவதில்லை. ரசீதிலும் தேர்தல் நோட்டீசிலும் புழங்கிப் புழங்கி உடம்பு தேய்ந்துவிட்டது. ஒரு சொல் பொருந்துவது என்பது பெரும்பாலும் இந்தத் தேய்மானம்தான். இதற்கிடையில் கணித ஆசிரியர் கணத்தின் 'உறுப்புகள்' என்று வேறொரு வேலைக்கு அதைக் கூட்டிப் போய்விட்டார். அங்கே அது எண்.

இனி நம் சொந்தச் சரக்கு: படிமம். புதுக்கவிதைக்கு வாதாடிய 'எழுத்து' காலத்தை ஒட்டி நம் விமர்சனத்தில் குடியேறிய சொல். 'இமேஜ்' என்பதற்கு ஈடு. பௌதிகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் 'இமேஜ்' பிம்பம். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் அது நிழல் உரு; அதற்கு ஒரு முன் உருவும் உண்டு. சினிமா நடிகருக்கு அது இமேஜேதான், கெட்டுப்போகக் கூடியது. கவிதைக்கு மட்டும் படிமம் என்று முடிவு செய்தோம். சொல் ஒன்றும் புதிதில்லை. தொல்காப்பியப் பாயிரம் ஆசிரியரைப் படிமையோன் என்கிறது. உரைகாரர்கள் அதைத் தவ ஒழுக்கத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். அதன் பிறகு சிலை, பிரதிமை என்கிற அர்த்தங்கள்தான் அந்தச் சொல்லில் கெட்டிப்பட்டன.

நான் இருக்கிற தம்மம்பட்டி சிலை செய்கிற ஊர். இங்கத்திய மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாகையும் தூங்குமூஞ்சியும் உளிக்கடியில் யாளியாகவும் பிள்ளையாராகவும் ஆவதை நடந்து போகிறபோதே பார்க்கலாம். செதுக்குகிறவர்கள் யாரும் படிமம் என்று சொல்வதில்லை. சிலை என்பார்கள், சாமி என்பார்கள். ஆனால் அந்தச் சொல் என்ன கொண்டுவருகிறது என்பதை அவர்கள் முற்றத்தில் பார்க்க முடிகிறது. சிலை அசையாது, சத்தம் போடாது, முகம் ஒரு பக்கம் பார்க்கும், வரிசையாக நிறுத்தி எண்ணலாம். நம் மதிப்புரைகளில் படிமங்களை எண்ணுகிற காரியம் இப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன். 'இத்தொகுதியில் படிமங்கள் செறிந்துள்ளன' என்கிற வாக்கியத்தை எத்தனை முன்னுரையில் படித்தாயிற்று! எஸ்ரா பவுண்ட் 1913-ல் சொன்னபோதே 'இமேஜ்' வெறும் கண்ணுக்கான சமாச்சாரமாக இல்லை. அறிவும் உணர்ச்சியும் ஒரு கணத்தில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வது அது. அடுத்த வருஷமே அவர் அதைச் சுழல் என்றார், கருத்துகள் ஓயாமல் பாய்ந்து போகிற சுழல். 1924-ல் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், படிக்கிறபோது காதிலும் நாக்கிலும் எழுகிற 'இமேஜு'களைக் கண்ணில் எழுவதிலிருந்து பிரித்துக் காட்டினார். நமக்குச் சுழல் வந்து சேரவில்லை, நாக்கும் வந்து சேரவில்லை. சிலை மட்டும் வந்தது. ஓசையால் நிற்கிற ஒரு கவிதையை நம் விமர்சனம் 'படிமம் இல்லை' என்று தள்ளிவிடுவதற்கு ரசனைக் குறைவைவிட இந்தச் சொல்தான் பெரிய காரணம்.

வில்லியம் எம்ப்ஸன் 1951-ல் எழுதிய 'தி ஸ்ட்ரக்சர் ஆஃப் காம்ப்ளெக்ஸ் வேர்ட்ஸ்' இங்கே ஞாபகம் வருகிறது. 'ஆனஸ்ட்', 'ஃபூல்', 'சென்ஸ்' மாதிரி சந்தையில் புழங்கும் வார்த்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்குள் இருக்கிற பல அர்த்தங்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று பார்த்த புத்தகம். 'ஒதெல்லோ' முழுவதையும் 'ஆனஸ்ட்' என்ற ஒரு வார்த்தைக்குள் நுழைந்து படிக்கிறார். நாம் பிரிப்பதில் கெட்டிக்காரர்கள். பிரித்தவை மறுபடி எங்கே சேருகின்றன என்று கேட்பதில்லை.

ஜனங்கள் கேட்காமலே சேர்த்து வைத்திருக்கிறார்கள். பட்டியலில் 'பவர்' என்பதற்கு எதிரே விசை, திறன், அடுக்கு, சக்தி, அதிகாரம் என்று துறைக்கொன்று கிடக்கிறது. இளம்பிள்ளையில் தறி பவரில் ஓடுகிறது. டாக்டர் கொடுத்த மாத்திரை பவர் ஜாஸ்தி. கண்ணாடிக்குப் பவர் ஏறிவிட்டது. அம்மன் பவரான சாமி. தேர்தலுக்கப்புறம் அவருக்குப் பவர் இல்லை. நிலத்துக்கு மகன் பேரில் பவர் எழுதிக் கொடுத்தாச்சு. ஒரே சொல். பேசுகிறவருக்குக் குழப்பமும் இல்லை. ஃபூக்கோ 1970-களில் அதைப் பற்றி எழுதியபோது கையாண்ட பிரெஞ்சுச் சொல் 'பூவ்வார்' வினையாகவும் நிற்கும். அப்போது அதற்கு 'முடிதல்' என்று பொருள். நாம் அதை 'அதிகாரம்' என்று எழுதி, தாசில்தாரையும் போலீசையும் மட்டும் மனசில் வைத்துக்கொண்டு படித்தோம். அது ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில்லை, எங்கும் ஓடிக்கொண்டிருப்பது என்பது அவர் கட்சி. நம் வாக்கியங்களில் அது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது.

ஆனால் இதற்கு 'அதிகாரம்' என்ற சொல்லைக் குறை சொல்வதற்கில்லை. எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என்கிற பெயர்களில் அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டு, நம் இலக்கண உரைமரபு இரண்டு வகை சொல்லியிருக்கிறது. ஒன்று, அரசன் இருந்த இடத்தில் இருந்தபடியே தன் நாடு முழுவதையும் தன் ஆணையில் நடக்கச் செய்வதுபோல, ஒரு சொல் நின்ற இடத்தில் நின்றே பின்னால் வரும் சூத்திரங்களையெல்லாம் ஆள்வது. மற்றது, படைத்தலைவன் ஊர் ஊராகப் போய்க் காரியம் நடத்துவதுபோல, ஒரு சொல் சூத்திரம் சூத்திரமாகப் போய்ச் சேர்ந்து தன் பொருளைத் தருவது. அரசியல் சிந்தனையில் ராஜாவின் தலையை நாம் இன்னும் வெட்டவில்லை என்று ஃபூக்கோ குறைப்பட்டுக்கொண்டது இந்த முதல் வகையைப் பற்றி. அவர் தேடியது ஏறக்குறைய இரண்டாவது. அந்தப் படைத்தலைவனையும் யாரோ ஒருவர் அனுப்பித்தானே வைக்கிறார் என்று வாதிக்கலாம், வாதித்திருக்க வேண்டும். ஃபூக்கோ பற்றித் தமிழில் நான் படித்த கட்டுரைகளில் அந்தப் பேச்சே இல்லை. கவுன்டருக்கு வருகிற விவசாயிக்கு வித்தியாசம் தெரிகிறது: நிலம் தன் பேரில் இருக்க, கையெழுத்து மட்டும் மகனோடு ரிஜிஸ்தர் ஆபீஸ், பாங்க், தாலுகா கச்சேரி என்று நடந்து போய்க்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பவர்.