அச்சத்திற்கு இரண்டாம் பாகம் உண்டோ?

மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து எண்ணிய தொல்காப்பியர், அது பிறக்கும் களங்களை நான்காக வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. இன்றைய திகில் படங்களைப் பெரும்பாலும் இந்நான்கினுள் அடக்கிவிடலாம். பேய்ப்படங்கள் அணங்கின்பாற்படும், சுறாவும் வேற்றுலக உயிரும் விலங்கின்பாற்படும், கத்தியோடு இருளில் நிற்கும் கொலைஞன் கள்வரின்பாற்படுவான்.

இத்தகைய படமொன்று வெற்றி பெற்றால் அதற்கு இரண்டாம் பாகம் வருவது உறுதி. அதைப் பார்த்துவிட்டு, “முதற்படம் போல் இல்லையே” என்று நாம் கூறுவதும் ஏறத்தாழ உறுதி. இத்தீர்ப்பு எப்போதும் நேரியதுதானா? அன்று எனின், எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சத்தின் வேர் அறியாமையில் உள்ளது. 1975-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘ஜாஸ்’ படத்தில், இரவுக் கடலில் நீந்தும் இளம்பெண்ணைச் சுறா இழுத்துச் செல்கிறது. ஆயினும் சுறா நம் கண்ணில் படுவதே இல்லை. படப்பிடிப்பிற்கெனச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதுற்றதால், அதனை மறைத்து வைக்கும் கட்டாயம் இயக்குநருக்கு நேர்ந்தது. ஜான் வில்லியம்ஸின் இசையும் நீரில் மிதந்து நகரும் பீப்பாய்களுமே சுறாவுக்கு மாற்றாக நின்றன. காணாத ஒன்றை நம் உள்ளமே படைத்துக்கொண்டது.

1978-இல் வந்த ‘ஜாஸ் 2’ படத்தை வேறோர் இயக்குநர் எடுத்தார். காவல்தலைவர் பிரோடி மீண்டும் எச்சரிக்கிறார். ஊர்த்தலைவர்கள் மீண்டும் நம்ப மறுக்கின்றனர். சுறா மீண்டும் வருகிறது. இவை அனைத்தையும் நாம் முன்னரே அறிவோம். அறிந்ததனால் வருவது எதிர்பார்ப்பேயன்றி அச்சமன்று.

இனி, அறியாததை விளக்கிக் கெடுத்த படமும் உண்டு. வில்லியம் பிரீட்கின் இயக்கிய ‘எக்சார்சிஸ்ட்’ (1973) படத்தில், தீய ஆவி ஒரு சிறுமியை ஏன் பற்றியது என்பதற்குத் தெளிவான விடை இல்லை. யார் வீட்டுக் குழந்தைக்கும் இது நேரலாம் என்னும் நடுக்கம் அதனால் பிறந்தது. ஜான் பூர்மன் இயக்கிய இரண்டாம் பாகமோ (1977) அவ்விடையைத் தேடிப் புறப்பட்டது. சிறுமிக்குப் பிறரைக் குணப்படுத்தும் ஆற்றல் உண்டு. ஆகவே ஆவி அவளை நாடியது என்று காரணம் கூறியது. அறிதுயில் கருவியையும் வெட்டுக்கிளிக் கூட்டத்தையும் துணைக்கு அழைத்தது. விளைவு என்ன? திரையரங்குகளில் மக்கள் சிரித்தனர். வெளியான பின்னரும் இயக்குநர் படத்தை வெட்டித் திருத்த நேர்ந்தது. நகை பிறக்கும் களங்களுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். அச்சத்தை நாடிய படம் எள்ளலில் முடிந்தது.

ஆயின், இரண்டாம் பாகங்கள் யாவும் தோல்வி என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘பிராங்கன்ஸ்டைன்’ (1931) படத்தில், பிணங்களின் உறுப்புகளால் ஆக்கப்பட்ட உருவமாகப் போரிஸ் கார்லாஃப் தோன்றினார். அவ்வுருவத்திற்குப் பேச்சில்லை, உறுமல் மட்டுமே உண்டு. அதே இயக்குநர் நான்காண்டுகட்குப் பின் ‘பிரைட் ஆஃப் பிராங்கன்ஸ்டைன்’ (1935) என்னும் தொடர்ச்சியை எடுத்தார். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட புதினத்தில் அவ்வுயிர் பேசும். தனக்கொரு துணை வேண்டும் என்று தன்னைப் படைத்தவனிடம் இரக்கும். முதற்படம் விட்டுச்சென்ற இப்பகுதியையே இரண்டாம் படம் எடுத்துக்கொண்டது.

காட்டுக் குடிலில் பார்வையற்ற முதியவர் ஒருவர் வயலின் வாசிக்கிறார். அவ்விசை கேட்டு அவ்வுயிர் உள்ளே வருகிறது. அதன் தோற்றம் அவருக்குத் தெரியாது. ஆகவே அச்சமும் இல்லை. உணவளிக்கிறார், நண்பன் என்னும் சொல்லைக் கற்பிக்கிறார். அவ்வுயிரின் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. பின்னர்க் கண்ணுடையோர் வருகின்றனர்; குடில் எரிகிறது. இறுதியில் அதற்கெனவே ஆக்கப்பட்ட மணமகளும் அதனைக் கண்டு அலறுகிறாள். அழுகை பிறக்கும் களங்களுள் முதலாவது இளிவு, அதாவது பிறரால் இகழப்படுதல். அதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைத் திகில் படங்களில் காண்டல் அரிது. முதற்படத்தில் நாம் அவ்வுருவத்தைக் கண்டு அஞ்சினோம். இரண்டாவதில் அதனோடு சேர்ந்து மனிதரைக் கண்டு அஞ்சுகிறோம். மூன்றாவது படம் (1939) அவ்வுயிரை மீண்டும் ஊமையாக்கிற்று. பேச்சோடு அதன் துயரும் பெரும்பாலும் போயிற்று.

‘ஏலியன்’ (1979), ‘ஏலியன்ஸ்’ (1986) ஆகியவற்றையும் இவ்வாறே நோக்கலாம். முன்னதில் ஒற்றை உயிர் விண்கலத்தின் இருளில் பதுங்குகிறது; ரிப்லி தப்பிப் பிழைக்கிறாள். பின்னதை எடுத்த ஜேம்ஸ் காமரூன் அப்பதுங்கலைத் திரும்பச் செய்யவில்லை. தாய் தந்தையரை இழந்த சிறுமி ஒருத்தியைக் காக்க, தப்பி வந்த ரிப்லி தானே அவ்வுயிர்களின் கூட்டுக்குள் இறங்குகிறாள். அச்சம் இங்குத் தறுகண்மையாக, பெருமிதமாக மாறிவிட்டது.

தமிழ்த் திரையிலும் சான்றுண்டு. ராகவா லாரன்ஸின் ‘முனி’ (2007) படத்தைத் தொடர்ந்து வந்த ‘காஞ்சனா’ (2011), பேய்க்கு நடுங்கும் நாயகனைக் காட்டி நம்மை நகைக்கச் செய்கிறது. பின்னர், சரத்குமார் ஏற்ற திருநங்கையின் வாழ்க்கையைச் சொல்லி அந்நகையை அடக்கிவிடுகிறது. 2015-இலும் 2019-இலும் வந்த பாகங்களோ அதே அடுக்கை, சிரிப்பு, நடுக்கம், பழிவாங்கல் என்று, மீண்டும் அடுக்கின. ஆரவாரம் மிகுந்தது, நெகிழ்ச்சி குறைந்தது.

ஆகவே, முதற்படத்தின் அச்சத்தையே மீண்டும் தர முயலும் இரண்டாம் பாகம் தோற்கும்; அவ்வச்சத்தை மற்றொரு மெய்ப்பாட்டிற்கு வழியாக்குவது நிலைக்கும் என்று துணியலாம். அத்தகைய படங்கள் சிலவே. எனினும் அச்சிலவற்றை, பயம் போதவில்லை என்னும் ஒரே குறையால் ஒதுக்குதல் முறையன்று. இனியொரு தொடர்ச்சியைக் காணுங்கால், எவ்வளவு அஞ்சினோம் என்பதோடு, அஞ்சிய பின் யாருக்காக இரங்கினோம் என்பதையும் கேட்டுப் பார்ப்போமாக.