வினிகர் சோதனையும் பத்தில் ஒன்பது பெண்களும்

கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி உலகத்தில் எந்த மருத்துவக் கல்லூரியில் பாடம் நடந்தாலும் திண்டுக்கல் மாவட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் இயங்கும் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையமும், பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து 2000ஆம் ஆண்டு இந்த மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கின. 114 தொகுதிகளாகப் பிரித்து, பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரே ஒரு முறை வினிகர் சோதனை செய்தார்கள். மீதிப் பாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். முடிவுகள் 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. சோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 30 முதல் 39 வயதுப் பெண்களுக்கே பலன் அதிகம்.

அந்த வழிமுறை இப்போது தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் திண்டுக்கல் மாவட்டத்து ஆயக்குடியின் கொய்யாத் தோப்புகளில் கூலிக்குப் போகிற பெண்ணின் வாழ்க்கையில் அது எந்த அளவுக்கு நுழைந்திருக்கிறது? இந்தக் கேள்வியை வைத்துத்தான் அதன் நிறைகுறைகளை எடை போட வேண்டும்.

சோதனை மிக எளிது. பெண்ணைப் படுக்கவைத்து, கருவியால் பிறப்புறுப்பை விரித்து, நல்ல வெளிச்சத்தில் செவிலியர் கருப்பை வாயைப் பார்க்கிறார். நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை அங்கே ஒற்றி எடுக்கிறார். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாறுதல் தொடங்கிய திசு இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். ஆய்வுக்கூடம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம், முடிவுக்காக இரண்டு வாரம் கழித்து இன்னொரு நாள் கூலியை இழந்து வர வேண்டாம். தேவைப்பட்டால், அந்தத் திசுவைக் கடுங்குளிரால் உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் உடனே செய்துவிடலாம். அதற்கு மயக்க மருந்து தேவையில்லை. ஓர் ஊருக்கு ஒரு டாக்டர்கூட இல்லாத காலத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டே திண்டுக்கல் ஆய்வில் 31,343 பெண்களைச் சோதிக்க முடிந்தது இதனால்தான். ஏழை நாட்டுக்கு ஏற்ற வழி எது என்று உலகம் தேடிக்கொண்டிருந்தபோது நம் கிராமத்துச் செவிலியர்கள் அதைச் செய்து காட்டினார்கள். இந்தப் பெருமையை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

குறைகளும் உண்டு. சோதிக்கப்பட்டவர்களில் 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, வெள்ளைத் திட்டு தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது தானாகவே மறையக்கூடிய லேசான மாறுதல், அல்லது வெறும் அழற்சி. கண்ணால் பார்த்துச் சொல்வதால் ஒரு செவிலியருக்குத் திட்டாகத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாமல் போகலாம். பயிற்சியும் மேற்பார்வையும் தளர்ந்தால் சோதனையின் தரமும் தளரும். மாதவிடாய் நின்ற பிறகு பார்க்க வேண்டிய பகுதியே உள்ளே ஒடுங்கிவிடுவதால், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இதை நம்ப முடியாது.

ஆய்வின் மீது அறம் சார்ந்த கேள்வியும் எழுந்தது. திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் ஆகிய மூன்று இடங்களில் நடந்த இத்தகைய ஆய்வுகளில், சோதனை தரப்படாத குழுப் பெண்கள் சாகும் வரை கணக்கெடுத்தது சரியா என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா 2014இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ்’ இதழில் கேட்டார். அப்போது இந்தியக் கிராமங்களில் எந்தச் சோதனையும் இல்லை, ஒப்பீடு இல்லாமல் பலனை நிறுவ முடியாது என்பது மறுதரப்பின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லலாம்: இந்த மாவட்டத்துப் பெண்களின் உடலிலிருந்து கிடைத்த அறிவு, இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு முழுதாகத் திரும்பி வர வேண்டும். அது கடன்.

வந்ததா? 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய அரசுத் திட்டம், சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் விரிந்தது. அதன் பிறகு 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒரு முறை இந்தப் புற்றுநோய்க்கான சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். தேசிய அளவு 1.9 சதவீதம் என்பதால் நாம் முன்னணியில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது பேர் விடுபட்ட முன்னணி அது. இதே மாநிலத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரியாத பெண்கள் இல்லை இவர்கள்.

பிறகு ஏன்? நாம் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்த சுகாதார அறிவு முழுக்கப் பிள்ளையைச் சுற்றியே இருக்கிறது என்பதே என் முடிவு. வயிற்றில் பிள்ளை தங்கியதும் பதிவு, இரும்புச் சத்து மாத்திரை, ஸ்கேன், தடுப்பூசி எல்லாவற்றையும் விரல்விட்டுச் சொல்வாள். இரண்டாவது பிள்ளையோடு ‘ஆபரேஷன்’. மேலே சொன்ன கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். பலருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அன்றோடு அவளுக்கும் மகளிர் மருத்துவத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. வினிகர் சோதனை தொடங்க வேண்டிய வயதும் சரியாக அதுதான்.

மறுபடியும் அவள் டாக்டரிடம் போவது வெள்ளைப்படுதலோ அதிக உதிரப்போக்கோ தாங்க முடியாமல் போகும்போது. அப்போதும் “கர்ப்பப்பைய எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுதான் முதலில் காதில் விழுகிறது. எடுத்துவிட்டால் பயமில்லை என்ற எண்ணம், சோதித்துப் பார் என்ற சொல்லை முந்திக்கொள்கிறது.

நோய் இல்லாதபோது செய்யும் சோதனை என்ற கருத்தே நம் ஊரில் இன்னும் வேரூன்றவில்லை. “நல்லாத்தான இருக்கேன், எனக்கெதுக்கு?” என்று கேட்பவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த நோய் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சத்தமில்லாமல் வளரும், நல்லாயிருக்கும்போது பார்த்தால்தான் தடுக்கலாம் என்று அவளிடம் உட்கார்ந்து பேசியது யார்? முகாம் என்றால் ஒலிபெருக்கி, வரிசை, பதிவேட்டில் எண்ணிக்கை. ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பேசினால் அன்றைய இலக்கு எட்டாது.

திட்டு தெரிந்தவளின் நிலை இன்னும் சிக்கல். குளிர்ச் சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் நீர்போல் வடியும், ஏறத்தாழ ஒரு மாதம் தாம்பத்தியம் கூடாது என்று செவிலியர் சொல்வார். அதை வீட்டில் கணவனிடம் எப்படிச் சொல்வது? மாமியாரிடம் என்ன சொல்வது? இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ், அது உடலுறவில் பரவுவது என்று பாதி மட்டும் கேட்டால் வீட்டில் சந்தேகம்தான் கிளம்பும். அது மிகச் சாதாரணமான வைரஸ், பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து தானாகப் போய்விடும், யாருடைய நடத்தையையும் அது காட்டாது என்ற மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் கணவனையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். ஆண்கள் ஒருமுறைகூட அழைக்கப்படாத மகளிர் நலக் கல்வியால் பெண்ணுக்குப் பாதிப் பயன்தான்.

2021 முதல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையைத்தான் முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. அதற்கான மாதிரியைப் பெண் தானே மறைவாக எடுத்துக் கொடுத்துவிடலாம். கூச்சத்தால் ஒதுங்குகிறவர்களுக்கு இது பெரிய வாசல். விலை குறைந்து எல்லா ஊருக்கும் வரும்வரை வினிகர் சோதனையைக் கைவிடக் கூடாது. வந்த பிறகு அதையே பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. 14 வயதுச் சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவதாகத் தமிழக அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் அந்தச் சிறுமியரின் அம்மாக்களுக்குக் காலம் கடந்துவிட்டது. அவர்களுக்குச் சோதனை ஒன்றே காப்பு. 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்களை இந்தப் புற்றுநோய் கொன்றதாகச் சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. எல்லாப் புற்றுநோய்களிலும் முன்கூட்டியே தடுக்க மிக எளிதானது இது என்பதை நினைத்தால் அந்த எண் மனதை அறுக்கிறது.

போட்டித் தேர்வுக்கு இலவசமாகப் பாடம் சொல்லும் மரத்தடி மையத்தால் பெயர் பெற்ற ஊர் ஆயக்குடி. வெளியூர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் இங்கே படிக்க வருகிறார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் நிதானமாகச் சொன்னால் கேட்க மக்கள் தயார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும் மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் செவிலியர் பேசட்டும். கொய்யாப் பறிப்புக்கு விடியுமுன் கிளம்புகிறவர்களுக்காக, மாதத்தில் ஒரு நாளாவது மாலையில் சோதனை நடக்கட்டும். சோதனை செய்துகொண்டவள் கையில் என்ன பார்த்தார்கள், அடுத்து எப்போது வர வேண்டும் என்று தமிழில் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும்.

இதைப் படிப்பவர் முப்பது வயதைத் தாண்டிய பெண் என்றால், கருத்தடை ஆபரேஷன் ஆகியிருந்தாலும், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உறவுக்குப் பிறகு உதிரம் பட்டாலோ, மாதவிடாய் நின்றபின் மறுபடி உதிரம் கண்டாலோ முகாமுக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். ஆண் என்றால் வீட்டுப் பெண்ணோடு கூடப் போங்கள். அரசு நிலையங்களில் இந்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை.