மறைத்தால் பிள்ளை தப்புமா?

தந்தைக்குப் பக்கவாதம் என்றால் மாகறல் திருமாகறலீசுவரர் கோயிலுக்குப் பிள்ளைகளையும் அழைத்துப் போகிறோம். எதற்காக வேண்டுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சம்பந்தர் பாடிய அத்தலம் உடல்நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை. அதே தந்தைக்கு மனச்சிதைவு என்றால் மட்டும், "ஒன்றுமில்லை, நீ போய்ப் படி" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. செய்தி தெருவுக்குப் போனால் நாளை பெண் கேட்டு வருகிறவர்கள் தயங்குவார்கள் என்ற அச்சம் கற்பனையல்ல. 'கிரகம் சரியில்லை', 'காற்று கருப்பு' போன்ற விளக்கங்களிலும் ஒரு நன்மை உண்டு. பழி நோயாளியின் மேல் விழுவதில்லை. வேலாயுதம்பாளையம்புதூர் கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரைப் பற்றி 2002-ல் வெளியான ஆய்வு, நோயின் கடுமை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. அங்கே கிடைத்த பரிவான சூழலே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

ஆனால், கண்முன் நடப்பதை எப்படி மறைப்பது? காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் வீடுகளில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருப்பவை. கோர்வைச் சேலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட இன்னொரு கை வேண்டும். அப்பா தறிக்குழியில் இறங்காததும், பாவு அப்படியே கிடப்பதும், கூலி வராததும் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், காரணம்தான் தெரியாது. அந்தக் காரணத்தைப் பிள்ளை தானே கற்பித்துக்கொள்ளும், பெரும்பாலும் 'நான் சேட்டை செய்ததால்தான்' என்று. பேய் என்று சொன்னாலோ அப்பாவைக் கண்டே நடுங்கும். மாத்திரை எதற்கு என்பதும் விளங்காது. பேய் என்று நம்பி நோயாளியைச் சிகிச்சையிலிருந்து விலக்கி வைக்கும் போக்கு எங்கே போய் முடியும் என்பதை ஏர்வாடியின் மனநோயாளிகள் காப்பகம் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே பற்றிய தீயில், சங்கிலியில் கட்டுண்டு தப்ப முடியாமல் போனவர்கள் உட்பட 28 பேர் மாண்டனர்.

சின்ன வயதில் இதெல்லாம் தாங்குமா, தனக்கும் வருமோ என்று அஞ்சாதா என்று கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டச் சொல்லவில்லை. "அப்பாவுக்கு மனசில் நோய், உன்னால் வந்ததில்லை, டாக்டர் பார்க்கிறார், உன்னைக் கவனிக்கப் பாட்டி இருக்கிறார்" என்ற நான்கு செய்திகள் ஆறு வயதுக்குப் போதும். பரம்பரைக் கேள்வி வளர்ந்த பிள்ளைக்கு வரும். வாய்ப்பு கூடுதல்தான், ஆனால் கட்டாயமில்லை என்பதே அதற்கு உண்மையான பதில். விளக்கும் பொறுப்பை வீட்டார் தலையில் மட்டும் கட்டுவதும் சரியல்ல. நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் விளக்குவது என்பதைச் சொல்லவில்லை. நார்வே 2010 முதல் நோயாளியின் பிள்ளைகளைக் கவனிப்பதை மருத்துவத் துறையினரின் சட்டக் கடமையாக்கியிருக்கிறது. இங்கும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள், "வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?" என்று கேட்டு மருந்துச் சீட்டு எழுதட்டும். எப்படிச் சொல்வது என்று தயங்கும் பெற்றோர் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம், கட்டணம் கிடையாது.